சில நானோமீட்டர் செம்பு: ஊடகத்துறை கவனிக்காமல் விட்ட ஒரு படலம்

1997 நவம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் மேசைக் கணினிகளுக்கான ஒரு வன்தட்டை அறிவித்தது. டெஸ்க்ஸ்டார் வரிசையில் வந்தது, கொள்ளளவு 16.8 கிகாபைட். கணினித் துறைக்கு அது பெரிய செய்தி. பாட்டு விற்பவர்களும், படம் தொகுப்பவர்களும், தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி நிரல் போடுபவர்களும் அதைத் தங்கள் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள், தட்டைப் படிக்கும் ‘தலை’ என்ற சிறு முனையில், இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே சில நானோமீட்டர் தடிமனே உள்ள செம்புப் படலம் ஒன்று இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் மூவர் தொழிலையும் அது மாற்றிப்போட்டது.

அந்தப் படலத்தின் வழியை இந்த ஆய்வு பின்தொடர்கிறது. ஆய்வகத்திலிருந்து கடைக்கு அது எப்படி வந்தது, கடையிலிருந்து வெட்டுமேசைக்கும் வரவேற்பறைக்கும் எப்படிப் போனது, வரப்போகிறது என்பதை எந்த இடத்தில் நின்றிருந்தால் பார்த்திருக்கலாம் என்பவையே கேள்விகள். நானோ தொழில்நுட்பம் என்றாலே அறிவியல் பக்கத்துக்கு உரியது, நமக்கென்ன என்று ஊடகத்துறையில் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊடகம் எதுவாக இருந்தாலும் கடைசியில் அது ஒரு பொருளின் மேல் விழுந்த தடம். படச்சுருளில் வெள்ளி உப்பு, ஒலிநாடாவில் இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் உறவினர். பொருள் மாறினால் அதன் மேல் கட்டிய தொழிலும் மாறும். இன்று அந்தப் பொருளை மாற்றுகிறவர்கள் அணுக்களை எண்ணி அடுக்குகிறார்கள்.

அளவைப் பற்றி ஒரு சொல். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. விரல் நகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் வளர்கிறது. இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் நகம் வளர்ந்திருக்கும் நீளம், அந்த வன்தட்டின் தலையிலிருந்த செம்புப் படலத்தின் தடிமனைவிட அதிகம்.

தலை எப்படிப் படிக்கிறது

வன்தட்டில் ஒவ்வொரு துணுக்குத் தகவலும் ஒரு குட்டிக் காந்தப் பகுதி. அதிகத் தகவல் வேண்டுமென்றால் பகுதிகளைச் சிறிதாக்க வேண்டும். பகுதி சிறுத்தால் அதிலிருந்து எழும் காந்தப்புலமும் மெலியும். எனவே வன்தட்டின் கொள்ளளவு தட்டை மட்டும் பொறுத்ததன்று, அந்த மெல்லிய முணுமுணுப்பைக் கேட்கும் செவியையும் பொறுத்தது. அந்தச் செவிதான் வாசிப்புத் தலை. 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. எல்லாம் சேர்ந்து ஐந்து மில்லியன் எழுத்துகளைத்தான் தாங்கின. அப்போது தொடங்கி வெகுகாலம் தலை என்பது ஒரு கம்பிச்சுருள்தான். சுருளைச் சிறிதாக்கச் சிறிதாக்க அதன் கேட்கும் திறனும் குறைந்தது.

1988-இல் பாரிஸ் அருகே ஓர்சேயில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும், ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் பீட்டர் க்ரூன்பெர்க் குழுவும் தனித்தனியே ஒரே விளைவைக் கண்டன. இரும்புப் படலம், அதன் மேல் ஒரு நானோமீட்டர் அளவே தடிமனான குரோமியம், மறுபடி இரும்பு என்று அடுக்கினார்கள். வெளியிலிருந்து காந்தப்புலத்தைக் காட்டியபோது அடுக்கின் மின்தடை எதிர்பாராத அளவுக்குச் சரிந்தது. ஃபெர்ட்டின் பல அடுக்கு மாதிரியில், கடுங்குளிரில், ஏறத்தாழப் பாதியாகவே குறைந்தது.

காரணம் எளிதாகச் சொல்லக்கூடியதுதான். எலக்ட்ரான்களுக்குத் தற்சுழற்சி உண்டு, அது இரண்டு வகை. காந்தமேறிய படலம் ஒரு வகையை எளிதாக விடும், மற்றதைச் சிதறடிக்கும். இரண்டு படலங்களும் ஒரே திசையில் காந்தமேறியிருந்தால் ஒரு வகை எலக்ட்ரான்கள் தடையில்லாமல் கடந்துவிடும். எதிரெதிராக இருந்தால் இரு வகையும் ஏதாவது ஒரு படலத்தில் அடிபடும். சட்டங்கள் ஒரே பக்கம் சாய்ந்த இரண்டு சன்னல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் வெளிச்சம் வரும். ஒன்றை எதிர்ப்பக்கம் சாய்த்தால் அறை இருண்டுவிடும். கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் நடுப்படலம் தடித்துவிட்டால் எலக்ட்ரான்கள் வழியிலேயே தங்கள் திசை நினைவை இழந்துவிடும். ஆகவே நானோமீட்டர் அளவு இங்கே அலங்காரம் இல்லை. அந்த அளவுக்கு இறங்கினால்தான் விளைவே தோன்றும். இதற்குப் பெருங்காந்த மின்தடை என்று பெயர், சுருக்கமாக ஜி.எம்.ஆர்.

ஒன்பது ஆண்டு முன்னறிவிப்பு

ஊடகத்துறையில் இருப்பவர்கள் எல்லாவற்றையும்விட இந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கண்டுபிடிப்புக்கும் முதல் விற்பனைப் பொருளுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பதில் எது முக்கியமான ஆண்டு?

1988 என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஃபெர்ட்டின் மாதிரி அதி உயர் வெற்றிடத்தில், மூலக்கூற்றுக் கற்றை கொண்டு, மெல்ல மெல்ல வளர்க்கப்பட்டது. திரவ ஹீலியத்தின் குளிரும் வலுவான காந்தப்புலமும் அதற்குத் தேவைப்பட்டன. அந்த நிலையில் அதை வைத்து ஒரு கடைச்சரக்கும் செய்ய முடியாது. க்ரூன்பெர்க் மட்டும் முன்யோசனையோடு காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார், பின்னாளில் ஐ.பி.எம். அதற்கு உரிமம் பெற்றது.

திருப்பம் நடந்தது கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில், ஐ.பி.எம்.மின் அல்மடேன் ஆய்வகத்தில். அங்கே ஸ்டூவர்ட் பார்கின் என்ற இயற்பியலாளர் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார். தொழிற்சாலைகளில் ஏற்கெனவே புழங்கும், வேகமான, மலிவான அணுக்களைத் தெறிக்கவைத்துப் படியவிடும் தெறிப்புப் படிவு முறையில் இதே படலங்களை உண்டாக்கினால் விளைவு கிடைக்குமா? 1990 வாக்கில் விடை தெரிந்தது, கிடைக்கும். அதன்பின் எண்ணற்ற உலோகச் சேர்க்கைகளையும் தடிமன்களையும் அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். 1991-இல் அதே நிறுவனத்தின் குழு, அறை வெப்பநிலையில், மிக மெலிந்த காந்தப்புலத்துக்கும் இசையும் ‘தற்சுழற்சி அடைப்பிதழ்’ என்ற அமைப்பை வெளியிட்டது. இதில் ஒரு காந்தப் படலம் திசை மாறாமல் கட்டிவைக்கப்பட்டிருக்கும், மற்றது சுதந்திரமாகத் திரும்பும், நடுவில் செம்பு. தட்டின் மேலுள்ள ஒவ்வொரு குட்டிக் காந்தமும் கடந்து போகும்போது சுதந்திரப் படலம் திரும்ப, மின்தடை ஏற, இறங்க, அது தகவலாகப் படிக்கப்படும்.

அந்த இடத்திலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. விளைவைக் கண்டுபிடித்த செய்தியைவிட, அதை மலிவாகச் செய்யலாம் என்ற செய்திதான் வணிகத்துக்கு மணி அடிக்கிறது. இரண்டும் இயற்பியல் இதழ்களில் வெளிப்படையாகவே வந்தன, எதுவும் இரகசியமில்லை. இசை நிறுவனம் ஒன்று 1991-இல் ஒரே ஒரு பொருளறிவியலாளரை வேலைக்கு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தால் போதும், ஆறு ஆண்டு முன்னறிவிப்பு கையில் இருந்திருக்கும்.

2007-இல் ஃபெர்ட்டுக்கும் க்ரூன்பெர்க்குக்கும் இயற்பியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. நானோ தொழில்நுட்பத்தின் முதல் உண்மையான பயன்பாடுகளில் ஒன்றாக இதைக் கருதலாம் என்று நோபல் குழு அப்போது குறிப்பிட்டது. பார்கின் அந்தப் பரிசில் இல்லை. எனக்கு அது இன்னமும் ஒரு குறையாகவே படுகிறது.

வெட்டுமேசை, வரவேற்பறை, சட்டைப்பை

ஜி.எம்.ஆர். தலை வந்தபின் வன்தட்டின் அடர்த்தி சில ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் வேகத்தில் ஏறியது. இந்த வேகம் ஊடகத் தொழிலின் எந்த மூலையில் முதலில் தெரிந்தது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1995-இல் அறிமுகமான ‘டி.வி.’ (DV) என்ற வகை எண்மிய ஒளிப்பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 கிகாபைட் இடம் பிடிக்கும். ஆக 1997-இன் அந்த 16.8 கிகாபைட் தட்டில் ஒன்றேகால் மணி நேரக் காட்சி முழுத் தரத்தில் அடங்கும். ஒரு முழு ஒளிநாடா, ஒரு வீட்டுக் கணினித் தட்டில். இதற்கு முன் கணினியில் படத்தொகுப்பு என்றால் தரம் குறைத்த நகலை ஏற்றி வெட்ட வேண்டும். வெட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு விலையுயர்ந்த இன்னொரு கூடத்துக்குப் போய், மூல நாடாவிலிருந்து மீண்டும் சேர்க்க வேண்டும். ‘ஆஃப்லைன்’, ‘ஆன்லைன்’ என்று இரண்டு கூடங்கள், இரண்டு வகைத் தொழிலாளர்கள், இரண்டு கட்டணங்கள். அந்தப் பிரிவினை கலைக் காரணத்தால் எழுந்ததன்று. தட்டில் இடமில்லை, அவ்வளவுதான். இடம் வந்ததும் சாதாரணப் படைப்புகளுக்கு இரண்டாவது கூடம் தேவையற்றுப் போனது. 1999-இல் ஃபைனல் கட் புரோ வெளிவந்தபோது மென்பொருளைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதற்கு நிற்க நிலம் கொடுத்தது தட்டு.

அதே 1999-இல் டிவோ வந்தது. 14 மணி நேரம், 30 மணி நேரம் என இரண்டு அளவுகளில், வன்தட்டில் தொலைக்காட்சியைப் பதிந்து வைக்கும் பெட்டி. நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவைக்கலாம், விளம்பரங்களைத் தாண்டிப் போகலாம். அதன் போட்டியாளரான ரீப்ளேடிவி விளம்பரங்களைத் தானாகவே தாண்டும் வசதியோடு வந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் 2001-இல் வழக்குத் தொடுத்தன. அதைத் தயாரித்த சோனிக்புளூ 2003-இல் திவாலானது. நிறுவனம் போனது, வசதி போகவில்லை. எத்தனை மணிக்கு எது என்று நிலையம் தீர்மானித்த காலம் அந்தப் பெட்டிகளிலிருந்துதான் தளரத் தொடங்கியது. வழக்கறிஞர்கள் மோதியது ஒரு நிறுவனத்தோடு. அதன் அடியில் இருந்த இயற்பியலுக்கு எதிராக நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய நிவாரணம் ஏதுமில்லை.

இசையில் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2001-இன் தொடக்கத்தில் தோஷிபா பொறியாளர்கள் 1.8 அங்குலத் தட்டு ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். கொள்ளளவு 5 கிகாபைட். அதை எதில் பொருத்துவது என்று அவர்களுக்கே தெளிவில்லை. அங்கே சென்றிருந்த ஆப்பிளின் ஜான் ரூபின்ஸ்டைனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அக்டோபரில் ஐபாட் வெளியானது. ஆயிரம் பாடல்கள் சட்டைப்பையில் என்று விற்றார்கள். பதிவிசையின் உலக வருமானம் 1999-ஐ ஒட்டி உச்சம் தொட்டு, அதன்பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் சரிந்துகொண்டே போனது.

சரிவுக்கு முழுக் காரணம் ஜி.எம்.ஆர். என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். எம்பி3 சுருக்கம் இருந்தது, இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் இருந்தது, இணைய வேகம் கூடிக்கொண்டிருந்தது, இசை நிறுவனங்களின் பிடிவாதமும் இருந்தது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத் தேவை உண்டு: இறக்கிய பாட்டை வைக்க வீட்டில் இடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கணினியின் தட்டு 200 மெகாபைட் என்றால், வேறெதையும் வைக்காமல் பாட்டாக நிரப்பினாலும் ஐம்பதுக்கு மேல் கொள்ளாது. ஐம்பது பாட்டுக்காக யாரும் தங்கள் குறுந்தகடு அலமாரியைக் கைவிட மாட்டார்கள். ஆயிரத்துக்குக் கைவிடுவார்கள். இசை நிறுவனங்கள் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுகளுக்காகச் செலவிட்ட ஆண்டுகளில், சேமிப்பின் விலை சரியும் கோட்டை ஒரு தாளில் வரைந்து பார்த்திருந்தால் வேறு விதமாக முடிவெடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

திறந்த அதே கதவு மூடியது

இதுவரை சொன்னது பலருக்கும் ஓரளவு தெரிந்த கதை. இனி வருவது காப்பகங்களில் வேலை செய்பவர்களைத் தவிர மற்றவர்கள் அதிகம் பேசாத பகுதி. எனக்கு நெருக்கமானதும் இதுதான்.

படப்பிடிப்பின் மூலக் காட்சிகளை நெடுங்காலம் வைத்திருக்க இன்றும் பெரும்பாலான கூடங்கள் நம்புவது எல்.டி.ஓ. காந்த நாடாவைத்தான். நாடா பழைய சரக்கு என்று நினைப்பவர்கள் அதன் மேற்பூச்சைப் பார்க்க வேண்டும். 2015-இல் வந்த ஏழாம் தலைமுறை எல்.டி.ஓ.வில் பேரியம் ஃபெரைட் என்ற பொருளின் துகள்கள் பூசப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர் அளவே. அதற்கு முந்தைய நாடாக்களில் பெரும்பாலும் இருந்தது உலோகத் தூள். உலோகம் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும், அதனால் துகளைச் சுற்றி ஒரு காப்புறை தேவை. உறைக்கு இடம் தேவைப்படுவதால் துகளை ஓர் அளவுக்குக் கீழே சிறிதாக்க முடியாது. பேரியம் ஃபெரைட் ஏற்கெனவே ஆக்சைடு. மேற்கொண்டு துருப்பிடிக்க அதில் எதுவுமில்லை. சிறிதாக்கவும் முடிந்தது, நீடித்தும் உழைக்கிறது. காப்பகத்தாருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

சிக்கல் எட்டாம் தலைமுறையில் வந்தது. 2017-இன் இறுதியில் வெளிவந்த அந்தத் தலைமுறை இயக்கிகளில், அதாவது நாடாவில் எழுதிப் படிக்கும் கருவிகளில், ஜி.எம்.ஆர். தலைக்குப் பதிலாக அதன் அடுத்த தலைமுறையான டி.எம்.ஆர். தலை பொருத்தப்பட்டது. செம்புக்குப் பதில் ஒரு மின்கடத்தாப் படலம், எலக்ட்ரான்கள் அதைச் சுரங்கப்பாதைபோல் ஊடுருவும். இன்னும் கூர்மையான செவி. அதுவரை ஒவ்வொரு எல்.டி.ஓ. இயக்கியும் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்துக்கொண்டிருந்தது. எட்டாம் தலைமுறை அதை நிறுத்தியது. ஏழாவதை மட்டும் படிக்கும், ஆறாவதைப் படிக்காது. தலை மாறியதே காரணம்.

நான் பணியாற்றிய காப்பகம் ஒன்றில் ஆறாம் தலைமுறை நாடாக்கள் அலமாரி அலமாரியாக இருந்தன. புதிய இயக்கி வாங்கும் தாளில் கையெழுத்திட்டவர்களுக்கு இந்த மாற்றம் தெரியாது. இரண்டு தலைமுறை பின்னோக்கிப் படிக்கும் என்ற பழைய விதி எல்லோர் மனத்திலும் இருந்தது, அதனால் யாரும் கேட்கவுமில்லை. இயக்கி வந்து, முதல் நாடாவை உள்ளே தள்ளி, அது வெளியே துப்பப்பட்டபோது அந்த அறையில் இருந்த அமைதியை நான் மறக்கவில்லை. காட்சிகள் அழியவில்லை, பழைய இயக்கியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பல மாதங்கள், நாடா நாடாவாக, பழையதிலிருந்து புதியதற்குப் பெயர்க்க வேண்டியதாயிற்று. படலம் ஒன்றின் பெயர் மாறியதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த மாதங்களைத் திட்டமிட்டுச் செலவிட்டிருப்போம்.

பெயர்ப்பதற்குப் புதிய நாடா கிடைப்பதும் அந்நாளில் எளிதாக இல்லை. பேரியம் ஃபெரைட் நாடாவை உலகில் செய்தவை இரண்டே நிறுவனங்கள், ஃபியூஜிஃபிலிமும் சோனியும். இரண்டும் காந்த நாடாக் காப்புரிமைகளுக்காக ஒன்றன்மேல் ஒன்று வழக்குத் தொடுத்திருந்தன. விளைவு, எட்டாம் தலைமுறை இயக்கி விற்பனையில் இருந்தது, அதற்குரிய 12 டெராபைட் நாடா சந்தையில் அரிதாகிவிட்டது. 2019 ஆகஸ்டில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்ட பிறகே நிலைமை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏழாம் தலைமுறை நாடாவையே சிறப்பு வடிவமைப்பில் 9 டெராபைட்டாக நிரப்பிப் பலர் சமாளித்தார்கள்.

பொருள் இப்படி நுணுக்கமாகும்போது அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அருகிப்போகிறார்கள். அருகிப்போனால் ஒரு வழக்கோ ஒரு வெள்ளமோ போதும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஆழிப்பேரலை சென்டாய் அருகிலிருந்த சோனியின் நாடாத் தொழிற்சாலையைத் தாக்கியது. உயர்தரத் தொலைக்காட்சித் தயாரிப்பின் முதுகெலும்பாக இருந்த எச்.டி.கேம் எஸ்.ஆர். நாடா உலகெங்கும் தட்டுப்பாடானது. நாடாவிலிருந்து கோப்புக்கு மாறத் தயங்கிக்கொண்டிருந்த நிலையங்கள் சில மாதங்களில் மாறின. அந்த ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்து வெள்ளம் வன்தட்டுத் தொழிற்சாலைகளை மூழ்கடித்தது. தட்டுகளின் விலை எகிறியது. நாடாவை விட்டுத் தட்டுக்கு ஓடிவந்தவர்கள் அங்கேயும் அடி வாங்கினார்கள்.

அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் அறிவியல் தொழில்நுட்பக் குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு எப்போதும் என் நினைவில் நிற்கிறது. ஒரு திரைப்படத்தின் மூலப்பிரதியைப் படச்சுருளாக வைத்திருக்க ஆண்டுக்கு 1,059 டாலர். 4கே எண்மியப் பிரதியாக வைத்திருக்க 12,514 டாலர். அதன்பின் சேமிப்பு மலிந்திருக்கிறது, தொகைகள் மாறியிருக்கும். ஆனால் செலவு எங்கிருந்து வருகிறது என்பது மாறவில்லை. வைத்த இடத்தில் சும்மா இருக்க விடாமல், சில ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்து வேறு பொருளுக்குப் பெயர்க்கச் சொல்வது அடியிலுள்ள பொருள்தான்.

திரையில்

குவாண்டம் புள்ளிகளின் கதையும் ஏறக்குறைய இதே தடத்தில் ஓடியது. 1980-களின் தொடக்கத்தில் அலெக்சி எகிமோவும் லூயி புரூசும் கண்ட விளைவு இது: சில நானோமீட்டர் குறைகடத்தித் துகளின் நிறம் அதன் அளவைப் பொறுத்தது, பெரிய துகள் சிவப்பாகவும் சிறிய துகள் பச்சையாகவும் நீலமாகவும் ஒளிரும். 1993-இல் மௌங்கி பவேண்டி குழு ஒரே அளவுத் துகள்களைச் சீராகச் செய்யும் முறையைக் கண்டது. இங்கேயும் மணி அடித்தது செய்முறைதான். 2013-இல் சோனி தொலைக்காட்சிகளில் குவாண்டம் புள்ளிகள் வந்தன, 2015-இல் சாம்சங் காட்மியம் என்ற நச்சு உலோகம் இல்லாத வகையைக் கொண்டுவந்தது. 2023-இல் மூவருக்கும் வேதியியல் நோபல்.

நிறம் திருத்துபவர்களுக்கு இது வெறும் பளபளப்புச் செய்தி இல்லை. மிகக் குறுகிய அலைவரிசையில் ஒளிரும் முதன்மை நிறங்களைக் கொண்ட திரைகளில், அளவுமானி ஒன்றே என்று காட்டும் வெள்ளை, இருவர் கண்ணுக்கு இரண்டு வெள்ளையாகத் தெரியலாம். மனிதக் கண்களின் உணர்திறன் ஆளுக்கு ஆள் சற்று வேறுபடுவதே காரணம். பழைய அகன்ற அலைவரிசைத் திரைகள் அந்த வேறுபாட்டை மறைத்தன. திருத்துபவரும் இயக்குநரும் ஒரே அறையில், ஒரே திரையை, வேறு வேறாகப் பார்த்து மல்லுக்கட்டுவதற்கு யார் ரசனையும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

வராமற்போனவை

எல்லா அறிவிப்பும் பொருளாகாது. கேனனும் தோஷிபாவும் சேர்ந்து 2004-இல் எஸ்.இ.டி. திரைக்காக ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. நானோமீட்டர் அகலமுள்ள இடைவெளியிலிருந்து எலக்ட்ரான்களை உமிழ வைத்து, பழைய படக்குழாயின் தரத்தைத் தட்டைத் திரையில் தருவது திட்டம். கண்காட்சிகளில் பார்த்தவர்கள் வியந்தார்கள். அமெரிக்காவின் நானோ-ப்ரொப்ரைட்டரி நிறுவனத்தோடு உரிம வழக்கு மூண்டது. 2007-இல் தோஷிபா விலகியது. இழுபறி நீளும்போதே எல்.சி.டி. திரைகளின் விலை அதலபாதாளத்துக்குப் போனது. 2010-இல் கேனன் அந்த நிறுவனத்தைக் கலைத்தது. அச்சுத்துறையில் 2012 துருபா கண்காட்சியில் பென்னி லாண்டா காட்டிய நானோ மை இயந்திரங்கள் முதல் அச்சகத்தைச் சேர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மாதிரி அழகாக இருப்பது வேறு, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்து தருவது வேறு. ஜி.எம்.ஆருக்கு ஒரு பார்கின் இருந்தார். எஸ்.இ.டி.க்கு அப்படி ஒருவர் வேளைக்கு வரவில்லை.

செய்தி எழுதுபவர்களுக்கு இங்கே தனியாக ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2006 மார்ச்சில் ஜெர்மனியில் ‘மேஜிக் நானோ’ என்ற குளியலறைத் தெளிப்பானைப் பயன்படுத்திய நூறு பேரளவில் மூச்சுத்திணறலுக்கு ஆளானார்கள். சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நானோ தொழில்நுட்பத்தின் முதல் உடல்நலக் கேடு என்று பல நாடுகளில் செய்தி ஓடியது. அந்தத் தெளிப்பானில் நானோ துகள்களே இல்லை என்று அந்நாட்டின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் பிறகு தெரிவித்தது. பெயரில் மட்டும் நானோ. முதல் செய்தி பரவிய தூரத்துக்கு இரண்டாவது செய்தி போய்ச் சேரவில்லை என்பது என் வருத்தம். நானோ துகள்களால் உண்மையிலேயே வரக்கூடிய கேடுகளை விசாரிக்க வேண்டிய பத்திரிகையாளர் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே என்ன இருக்கிறது என்பதை யார் அளந்தார்கள் என்றுதான்.

இப்போது

ஜி.எம்.ஆர். தலைகளை டி.எம்.ஆர். தலைகள் முற்றிலும் ஓரங்கட்டிவிட்டன. வன்தட்டில் இப்போது மாறிக்கொண்டிருப்பது எழுதும் முறை. துகள்களை மேலும் சிறிதாக்கினால் அறை வெப்பமே அவற்றின் காந்தத் திசையைக் கவிழ்த்துவிடும். அதைத் தடுக்க இரும்பு-பிளாட்டினம் போன்ற பிடிவாதமான பொருளுக்குப் போனார்கள். அதுவோ எழுதவே இடம் தராத அளவுக்குப் பிடிவாதம். எனவே எழுதும் கணத்தில் மட்டும், நானோவிநாடிக் கணக்கில், நானோமீட்டர் அளவுப் புள்ளியொன்றை லேசர் கொண்டு நானூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, இளகிய நொடியில் எழுதி, உடனே குளிரவிடுகிறார்கள். நெடுங்காலம் வருகிறது, வருகிறது என்று சொல்லப்பட்ட இந்த முறையில் 30 டெராபைட் தட்டுகளை 2024 ஜனவரியில் சீகேட் அறிவித்தது.

அந்தத் தட்டுகள் முதலில் போவது மேகக் கணிமை நிறுவனங்களின் மையங்களுக்கு. 1997-இன் படலம் இடத்தை வீட்டு மேசைக்கும் சட்டைப்பைக்கும் கொண்டுவந்தது. இந்த முறை புதிய இடம் பெரிய கூடங்களில் குவிகிறது, படைப்பவர்கள் அதை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒரு தொலைக்காட்சி நிலையமோ காப்பகமோ அடுத்த சேமிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் கேட்க வேண்டியவை எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. காட்சிகள் எந்தப் பொருளின் மேல் கிடக்கின்றன? அந்தப் பொருளை எத்தனை பேர் செய்கிறார்கள்? பொருள் மாறும்போது பெயர்க்கும் செலவு யாருடையது? விற்பனையாளர் முதல் கேள்விக்கு விடை தெரியாமல் விழித்தால், தெரிந்த ஒருவரை அழைத்து வரச் சொல்லி அந்தக் கூட்டத்தை இன்னொரு நாளைக்கு ஒத்திவைக்கலாம்.